கிட்டங்கியின் அளவும் லென்ஸின் அளவும்

பருப்பு விலை, மிளகாய் வரத்து, புளி இருப்பு என்று எழுத வேண்டிய பக்கத்தில் காமிரா லென்ஸைப் பற்றி எழுதுகிறோமே என்று சிலர் நினைக்கலாம். இரண்டாண்டுகளுக்கு முன்பு வரை நாமும் அப்படித்தான் இருந்தோம். படம் எடுப்பது ஸ்டூடியோக்காரர் வேலை, எடை போடுவது நம் வேலை என்பதுதான் நம் எண்ணம். ஒரு கிட்டங்கியை வாடகைக்கு விடப் போய், நம் வாயிலிருந்து வராத பொய்க்கு நாமே பொறுப்பேற்க நேர்ந்தது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தோம்.

நடந்தது இதுதான். காரைக்குடியில் நமக்குப் பழைய கிட்டங்கி ஒன்று உண்டு. இருபது அடி அகலம், நாற்பது அடி நீளம். சரக்கை வேறிடத்துக்கு மாற்றிய பின் அது சும்மா கிடந்தது. மதுரையில் நம்மிடம் இருபது ஆண்டுகளாக உளுந்தும் துவரையும் வாங்கும் வியாபாரி ஒருவர், "படம் அனுப்புங்க அண்ணாச்சி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். நம் தங்கை பேரன் புதிய காமிராவும் 16 முதல் 35 வரை போகும் ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறான். அவன் வாசற்படியில் நின்று, லென்ஸை 16-இல் திருப்பி வைத்து எடுத்தான். படம் பிரமாதமாக வந்தது. நம் கிட்டங்கி கலியாண மண்டபம் போலத் தெரிந்தது. நாமும் பெருமையாக அனுப்பி வைத்தோம். நீள அகலத்தை எழுதி அனுப்பவில்லை. அது நம் தப்பு.

அவர் முன்பணம் அனுப்பிவிட்டார். பருப்பு சுத்தம் செய்யும் இயந்திரத்தை ஒரு பக்கம் நிறுத்தி, மறு பக்கம் மூட்டை அடுக்கலாம் என்பது அவர் திட்டம். மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கதவைத் திறந்து காட்டினோம். உள்ளே ஒரு நடை போய்விட்டு வந்து, "படத்துல பார்த்தது இதுதானா அண்ணாச்சி?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முன்பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தோம். காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் நம்மிடம் ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை. இருபது ஆண்டில் ஒரு மூட்டையிலும் எடை குறைத்ததில்லை. அளவில் குறைந்தது இதுவே முதல் தடவை.

பேரனைக் கோபித்துக்கொண்டோம். அவனோ, "ஐயா, நான் ஒண்ணுமே மாத்தலையே, இருந்ததைத்தான் எடுத்தேன்" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். இருந்ததைத்தான் எடுத்தான், இல்லாதது எப்படித் தெரிந்தது? நாற்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ நடத்திய பழைய நண்பர் ஒருவரிடம் படத்தைக் கொண்டு போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "லென்ஸ் பொய் சொல்லலண்ணே. நீங்க அளவு சொல்லல" என்றார். பிறகு பீரோவைத் திறந்து, 28 ஒன்றும் 24 ஒன்றும் ஆகப் பழைய நிக்கான் லென்ஸ் இரண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அன்று மாலையும் அதன் பின் பல மாலைகளும் அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த எண். லென்ஸின் மேல் 24, 28, 35 என்று எழுதியிருப்பது மில்லிமீட்டர் கணக்கு. எண் சிறியதானால் படத்தில் அகலம் அதிகம். 35-க்குக் கீழே இருப்பதை வைடு லென்ஸ் என்பார்கள், 35-ஐயும் சிலர் அதில் சேர்ப்பார்கள். ஒரே எண் உள்ளது ப்ரைம் லென்ஸ். சினிமாக்காரர்கள் பிளாக் லென்ஸ் என்பார்கள். 16–35, 24–70 என்று இரண்டு எண் உள்ளது ஜூம் லென்ஸ். இதில் வளையத்தைத் திருப்பினால் இடையில் உள்ள எந்த எண்ணுக்கும் போகலாம்.

இந்த எண்ணை அடியாக மாற்றத் தெரிந்தால் பாதி விஷயம் முடிந்தது. பழைய ஃபிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். முழு அளவுச் சென்சார் உள்ள டிஜிட்டல் காமிராவிலும் அதேதான். அந்த 36-ஐ லென்ஸின் எண்ணால் வகுத்தால் ஒரு பெருக்கல் எண் கிடைக்கும். நிற்கும் தூரத்தை அதனால் பெருக்கினால் படத்துக்குள் எத்தனை அடி அகலம் அடங்கும் என்று வந்துவிடும். நமக்குச் சின்ன வயதில் முக்கால், அரைக்கால் வாய்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, அதே கணக்குதான். 50 லென்ஸுக்கு முக்கால். 35-க்கு ஒன்று. 28-க்கு ஒன்றேகால். 24-க்கு ஒன்றரை. 20-க்கு ஒன்றேமுக்கால். 18-க்கு இரண்டு. 16-க்கு இரண்டேகால். 14-க்கு இரண்டரை. சிலவற்றில் துளி கூடக் குறைய இருக்கும், நம் காரியத்துக்குப் போதும். பத்தடி தூரத்தில் நின்று 35 லென்ஸில் எடுத்தால் பத்தடி அகலம் விழும். அதே இடத்தில் 24-இல் பதினைந்தடி விழும்.

இப்போது கிட்டங்கிக்கு வருவோம். வாசலிலிருந்து பின்சுவர் நாற்பது அடி. சுவரின் அகலம் இருபது அடி. 35 லென்ஸில் அந்தத் தூரத்தில் நாற்பது அடி அடங்கும், ஆகவே பின்சுவர் படத்தில் பாதி இடம் பிடிக்கும். 24-இல் அறுபது அடி, சுவர் மூன்றில் ஒரு பங்கு. 16-இல் தொண்ணூறு அடி, சுவர் கால் பங்குக்கும் குறைவு. பார்ப்பவர் கண்ணில் அந்தச் சின்னச் சுவர் எங்கோ தொலைவில் இருக்கிறது. காலடியில் கிடக்கும் தரையும் வாசலோரத்து மூட்டையும் பெரிதாக விழுந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பெரிய இடம் இருப்பதாக மனசு தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. மதுரைக்காரர் மனசும் அப்படித்தான் போட்டது.

இதில் பலர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு, நாமும் நினைத்திருந்தோம். கிட்டே உள்ள மூட்டைக்கும் தூரத்து மூட்டைக்கும் படத்தில் தெரியும் அளவு வித்தியாசத்தை உண்டாக்குவது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் இடம். ஒரே இடத்தில் நின்று 16-இல் ஒன்றும் 35-இல் ஒன்றும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஸ்டூடியோ நண்பர் இதை நம் முன்னாலேயே செய்து காட்டினார். ஆகவே ஜூம் லென்ஸ் பொய்யானது, பழைய லென்ஸ் உண்மையானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 24-இல் நிறுத்திய ஜூமும் 24 ப்ரைமும் ஒரே அகலத்தைத்தான் காட்டும். வித்தியாசம் ஆளின் பழக்கத்தில். ப்ரைம் லென்ஸ் உள்ளவன் நடந்து நடந்து இடம் பார்க்க வேண்டும், எத்தனை அடியில் நிற்கிறோம் என்பது அவன் காலுக்குத் தெரிந்திருக்கும். ஜூம் உள்ளவன் நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருப்புகிறான். எந்த எண்ணில் எடுத்தாய் என்று கேட்டால், நம் பேரன் காமிராவில் தேடிப் பார்த்துத்தான் சொன்னான். அந்தப் பழைய ஆள் அப்படித் தேட வேண்டியதில்லை.

பழைய சினிமாக்காரர்கள் எல்லாரும் அளவு தெரிந்த இந்த லென்ஸ்களோடு வளர்ந்தவர்கள். நம் ஊருக்கு இதில் பங்கு உண்டு. 1907-இல் காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன் கடை வியாபாரத்திலிருந்து கிளம்பியவர்தான். அவர் தந்தையார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் ரிக்கார்டுகளும் விற்றார்கள். அவர் சென்னைக்குப் போய் நிலைப்பதற்கு முன் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு நடத்தினார். அந்தக் காலத்தில் வந்த ‘நாம் இருவர்’ 1947-இல் வெளியானது. அக்கால சினிமாக் காமிராக்கள் பலவற்றில் முன்னால் ஒரு சுழல் தட்டு இருக்கும். அதில் மூன்று நான்கு லென்ஸ்கள் பொருத்தியிருக்கும், வேண்டியதைச் சுழற்றி முன்னுக்குக் கொண்டு வருவார்கள். நம் கடையில் படி, உழக்கு, ஆழாக்கு வரிசையாக இருந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரணப் புகைப்படக் காமிராவுக்கு வைடு லென்ஸ் செய்வது அன்று பெரிய சிக்கல். எஸ்.எல்.ஆர். காமிராவுக்குள் ஒரு கண்ணாடி எழும்பி இறங்கும். அதற்கு இடம் விட வேண்டும் என்பதால் லென்ஸை ஃபிலிமுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. பிரான்சின் ஆஞ்சனியூ கம்பெனி 1950-இல் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றில் இதற்கு வழி கண்டது. 1967-இல் நிக்கான் கொண்டுவந்த 24 மி.மீ. லென்ஸில் இன்னொரு முன்னேற்றம். பக்கத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்யும்போது உள்ளே சில கண்ணாடிகள் தனியாக நகர்ந்து தெளிவைக் காப்பாற்றும். நம் நண்பரின் பீரோவில் இருப்பது அதன் பிந்திய வடிவம். எடை கால் கிலோ. எடுத்துக் கையில் வைத்தால் வெல்ல அச்சு போல கனமாக, இறுக்கமாக இருக்கிறது.

ஜூம் லென்ஸ் புகைப்படக் காமிராவுக்கு வந்தது 1959-இல், ஜெர்மனியின் வாய்க்லேண்டர் கம்பெனி மூலம். அது 36-இலிருந்து 82 வரை போனது. 1963-இல் வந்த நிக்கானின் 43–86 நன்றாக விற்றது, ஆனால் கோடுகள் வளைவதற்கும் மங்கலுக்கும் பேர் போனது. அந்தக் கெட்ட பேர்தான் ஜூம் என்றாலே மட்டம் என்ற பேச்சாக நம் காலம் வரை நீடித்தது. இன்று அந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லை. 1999-இல் வந்த நிக்கான் 17–35, 2007-இல் வந்த 14–24 போன்றவை பழைய கணக்கை மாற்றிவிட்டன. 14–24 வந்தபோது அதே எண்ணுள்ள ப்ரைம் லென்ஸ்களைவிட இது ஓரங்களில் தெளிவாக இருக்கிறது என்று தொழில்முறைப் படக்காரர்கள் பலர் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. முன் கண்ணாடி வெளியே பிதுங்கி நிற்பதால் சாதாரண ஃபில்டரும் மாட்ட முடியாது. புழுதி பறக்கும் மளிகைக் கிட்டங்கியில் நாம் அதை வெளியே எடுக்கவே யோசிப்போம்.

சரி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? இதற்கு வெளிநாட்டிலிருந்து சோதனை அட்டை வாங்க வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளே போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கட்டம் கட்டமாக நேர்கோடு ஓடுகிறது. வளவைச் சுற்றித் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நண்பரும் பேரனும் நாமுமாக உறவினர் வீடு ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைச் செய்து பார்த்தோம். ஜூமை 16-இல் வைத்து, காமிராவுக்குள் இருக்கும் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு எடுத்தபோது, ஓரத்துத் தூண் வயிறு தள்ளி நின்றது, தரைக்கோடு வில்லாக வளைந்தது. 24-க்கு வந்தபோது வளைவு பெரும்பாலும் போய்விட்டது. பழைய 24 ப்ரைமிலும் கொஞ்சம் வளைவு இருக்கத்தான் செய்தது, ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. திருத்தத்தைப் போட்டு எடுத்தால் ஜூமிலும் தூண் நிமிர்ந்துவிடுகிறது. அதற்கு விலையாக ஓரத்தில் உள்ளவை கொஞ்சம் இழுபடுகின்றன.

தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்வது வேறு விஷயம். அது எந்த லென்ஸின் குற்றமும் அல்ல, காமிராவை மேல் நோக்கிச் சாய்த்துப் பிடித்த குற்றம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் காமிராவின் மேல் வைத்து மட்டம் பார்த்தால் சரியாகிவிடும். நாம் அப்படித்தான் செய்தோம். பேரன் சிரித்தான், அவன் காமிராவுக்குள்ளேயே மட்டம் காட்டும் கோடு இருக்கிறதாம்.

வெளிச்சத்தில் பழையது தோற்றது. வளவுக்கு நடுவே மேலே திறந்த வானம், சுற்றிலும் இருண்ட தாழ்வாரம். வானம் சட்டத்துக்குள் வந்ததும் பழைய லென்ஸில் படம் முழுக்க ஒரு வெளுப்பு ஏறியது, ஒளிப்பொட்டுகளும் விழுந்தன. ஜூமில் கண்ணாடிகள் அதிகம் இருந்தும், இன்றைய பூச்சின் தயவால் அது அவ்வளவு பாதிக்கப்படவில்லை. மேலும் பேரனின் லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு உண்டு. நிக்கான் 2010-இலேயே 16–35-இல் இதைக் கொண்டுவந்துவிட்டது. இருட்டான கிட்டங்கியில் ஸ்டாண்டு இல்லாமல் எடுக்க இது பெரிய உதவி. அறுபதைத் தாண்டிய நம் கைக்கு இன்னும் பெரிய உதவி.

பின்னால் போக இடமில்லாத இடங்களிலும் ஜூம்தான் ஜெயிக்கும். இரண்டாம் கட்டில் ஓர் ஒடுக்கமான அறையில் 28-ஐ வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் பாதி அறைதான் விழுந்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் பங்காளிகள் பிரிந்து, வீடு இடிந்து, தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போவது நிற்கவில்லை. அப்படிப் போவதற்கு முன் வீட்டைப் பதிந்து வைக்க நினைப்பவர்கள் ஜூமை எடுத்துச் செல்லட்டும். ஒவ்வொரு படத்துக்கும் எந்த எண், எத்தனை அடி தூரம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காத படத்தை வைத்துப் பின்னால் ஒருவரும் அளவு சொல்ல முடியாது.

பழைய லென்ஸ் ஜெயித்த இடத்தையும் சொல்ல வேண்டும். அதன் மேல் தூரக்கணக்கு அடியிலும் மீட்டரிலும் பொறித்திருக்கிறது. 24 லென்ஸில் துவாரத்தை 8-இல் வைத்து, தூரத்தை எட்டடியில் நிறுத்தினால், நாலடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். 28-க்குப் பதினோரு அடியில் நிறுத்தினால் ஐந்தரை அடியிலிருந்து தெளிவு. ஒரு தடவை வைத்துவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம். புதிய ஜூம்கள் பலவற்றில் இந்தத் தூரக்கணக்கே கிடையாது. பாட்டரியும் மோட்டாரும் இல்லாததால் பழையதில் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. விலை குறைந்த டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் சென்சார் சிறியது. அதில் லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும், கேனன் என்றால் ஒன்று புள்ளி ஆறு. பழைய 24-ஐ ஆசையாக வாங்கி அதில் மாட்டினால் 36 ஆகிவிடும். வைடு என்று வாங்கியது வைடாக இருக்காது. முழு அளவுச் சென்சார் உள்ள மிரர்லெஸ் காமிராவில் ஒரு அடாப்டர் வைத்து மாட்டினால் முழுப் பலன். அடுத்தது பூஞ்சை. பருப்பு வாங்கும்போது உள்ளங்கையில் கொட்டி வண்டு பார்க்கிறோம் அல்லவா, அதே போல லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல இழை தெரிந்தால் பூஞ்சை. பால் படிந்த மாதிரி மங்கல் தெரிந்தாலும் வேண்டாம். துவாரத்து இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் அவை ஒட்டிக்கொள்ளும். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. தோல் பையில் போட்டுப் பீரோவில் வருடக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில்தான் பூஞ்சை அதிகம். பத்திரமாக வைத்திருந்தேன் என்று விற்பவர் சொன்னால் இன்னொரு தடவை டார்ச் அடியுங்கள்.

லென்ஸே வேண்டாம், செல்போன் போதும் என்பவர்களும் தப்பிக்க முடியாது. பின்னால் இருக்கும் இரண்டு மூன்று வட்டமும் பெரும்பாலும் தனித்தனி ப்ரைம் லென்ஸ்கள்தான். 1 என்று காட்டுவது பழைய கணக்கில் ஏறத்தாழ 24 முதல் 26. 0.5 என்று காட்டுவது 13 அளவுக்குப் போகும், நம் பேரன் செய்ததைவிடக் கூடுதல். கடன் கேட்டு வங்கிக்கும், இன்சூரன்ஸுக்கும், வாடகைக்கு விடவும் கடைப்படம் அனுப்புகிறவர்கள் 0.5-ஐத் தொடாமல் 1-இலேயே எடுப்பது நல்லது.

நாம் கிட்டங்கியை மறுபடியும் எடுத்தோம். நண்பரின் 28-ஐ வாங்கி, பின்சுவரிலிருந்து பதினாறு அடி தள்ளி நின்றோம். இருபதடிச் சுவர் சட்டத்துக்குள் சரியாக அடைந்தது. சுவரோரம் பேரனை நிற்க வைத்தோம், பக்கத்தில் இரண்டு மூட்டை. வாசலிலிருந்தும் ஒன்று எடுத்தோம். இரண்டு படத்தின் பின்னாலும் நீளம், அகலம், நின்ற தூரம், லென்ஸின் எண் எல்லாம் எழுதினோம். படம் முன்னதைப் போல அழகாக இல்லை. அதைப் பார்த்துப் புதுக்கோட்டையிலிருந்து வந்தவர் கையில் டேப்போடு வந்தார், அளந்து பார்த்தார், முன்பணம் கொடுத்தார்.

அதே படங்களை ஒரு கடிதத்தோடு மதுரைக்கும் அனுப்பியிருந்தோம். பதில் வரவில்லை. ஏழாம் மாதம் போன் வந்தது, பத்து மூட்டை உளுந்து வேண்டுமென்று. வழக்கமாக ஐம்பது எடுப்பவர். பத்தை அன்றைக்கே ஏற்றி அனுப்பினோம்.